உம்மும்மா உட்காருவார்: முடிவுறாத இறந்தகாலம் பற்றி ஒரு பாடம்

சென்ற தவணையில் அரபு டீச்சர் எங்களுக்கு ஓர் அப்பியாசம் தந்தார். 'ஜத்ததீ', அதாவது 'என் பாட்டி' என்ற தலைப்பில் அரபியில் பத்து வாக்கியங்கள் எழுத வேண்டும். நான் முதலில் தமிழில் எழுதிக்கொண்டு பிறகு அரபிக்கு மாற்றினேன். என் முதல் வாக்கியம் இது: "உம்மும்மா அஸர் தொழுததும் முற்றத்தில் உட்காருவார்."

'உட்காருவார்' எதிர்காலம் என்று ஆறாம் வகுப்பிலேயே படித்திருக்கிறோம். எனவே எதிர்காலத்தைக் காட்டும் 'ஸ' என்ற எழுத்தை வினைக்கு முன்னால் போட்டு, 'ஸதஜ்லிஸு' என்று எழுதினேன். கொப்பி திரும்பி வந்தபோது அந்தச் சொல்லின் கீழே சிவப்புக் கோடு இருந்தது. டீச்சர் என்னை மேசைக்குக் கூப்பிட்டுக் கேட்டார்.

"பிள்ளை, உம்மும்மா இப்போது இருக்கிறாரா?"

"இல்லை டீச்சர். மௌத்தாகி ஏழு மாதம்."

டீச்சர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். "அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்யட்டும். ஆனால் இந்த வாக்கியத்தை வாசிக்கும் ஓர் அரபி என்ன நினைப்பார்? நாளைக்கு வந்தால் உங்கள் முற்றத்தில் அவரைக் காணலாம் என்று நினைப்பார்."

நான் அங்கேயே நின்று 'ஸதஜ்லிஸு'வை வெட்டி, 'ஜலஸத்' என்று எழுதினேன். 'உட்கார்ந்தார்.' இது இறந்தகாலம்தானே? டீச்சர் அதற்கும் தலையாட்டவில்லை. "இலக்கணப் பிழை இல்லை. ஆனால் ஒரே ஒரு நாள் மட்டுமா உட்கார்ந்தார்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது நான் படித்ததுதான் இந்தக் கட்டுரை. அரபியை உயர்தரத்தில் பாடமாக எடுப்பவர்களுக்கு மொழிபெயர்ப்பு வினாவில் இது உதவும். அரபி படிக்காதவர்களும் கூட வரலாம். நாம் எல்லோரும் தினமும் வீட்டில் பேசுகிற ஒரு விஷயம்தான் இது.

இறந்தகாலம் இரண்டு வகை

நடந்து முடிந்த ஒன்றை இரண்டு விதமாகப் பார்க்கலாம்.

ஒன்று, வெளியே நின்று பார்ப்பது. தொடக்கமும் முடிவும் தெரியும். "உம்மும்மா நேற்று மாத்தளைக்குப் போனார்." போனார், வந்தார், கதை முடிந்தது.

மற்றது, உள்ளே நின்று பார்ப்பது. அங்கே முடிவு கண்ணுக்குத் தெரியாது. "உம்மும்மா மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார்" என்றால் வேலை நடந்துகொண்டிருக்கிறது. "உம்மும்மா மிளகு காயப்போடுவார்" என்றால் அது திரும்பத் திரும்ப நடக்கிறது. எத்தனை தடவை, எப்போது நின்றது என்பதெல்லாம் அந்த வினையில் இல்லை.

இந்த இரண்டாவது வகையையே முடிவுறாத இறந்தகாலம் என்கிறோம். வழக்கமாக நடந்தது, நடந்துகொண்டிருந்தது என்ற இரண்டும் இதற்குள் அடங்கும். அரபியில் இதை எப்படி அமைப்பது என்று முதலில் பார்ப்போம்.

கானவும் முழாரிஃயும்

அரபியில் வினை அடிப்படையில் இரண்டு உருவம் எடுக்கும் (ஏவல் வினையான அம்ரை இங்கே விட்டுவிடுவோம்). முடிந்த செயலுக்கு மாழி. முடியாத செயலுக்கு முழாரிஃ. 'ஜலஸ' என்றால் உட்கார்ந்தார். 'யஜ்லிஸு' என்றால் உட்காருகிறார் அல்லது உட்காருவார்.

முழாரிஃயை அதன் முன்னெழுத்தால் கண்டுபிடிக்கலாம். அலிஃப், நூன், யா, தா என்ற நான்கில் ஒன்று முன்னால் நிற்கும். மத்ரஸாவில் இதை நினைவில் வைக்க 'அனய்து' என்ற ஒரே சொல்லைச் சொல்லித்தருவார்கள். நான்கு எழுத்துகளும் அதற்குள் இருக்கின்றன.

முழாரிஃ தனியே நின்றால் இன்றைக்கும் நாளைக்கும் பொது. முன்னால் 'ஸ' வந்தால் நாளைக்குப் போய்விடும். முன்னால் 'கான' (இருந்தார்) வந்தால் நேற்றைக்கு வந்துவிடும். ஆனால் நேற்றைக்கு வந்தாலும் அது மாழியாக மாறுவதில்லை. முடியாத உருவத்தோடேயே வருகிறது. இந்தப் பாடத்தில் மனதில் பிடிக்க வேண்டிய இடம் இதுதான்.

ஆகவே விதி சுலபம்: கான + முழாரிஃ = முடிவுறாத இறந்தகாலம்.

'ஜலஸ' என்ற ஒழுங்கான வினையை வைத்து முழு வாய்பாட்டையும் பார்ப்போம். 'அக்காலத்தில்' என்ற சொல்லை ஒவ்வொன்றின் முன்னாலும் சேர்த்து வாசியுங்கள்.

குன்து அஜ்லிஸு – நான் உட்காருவேன்
குன்னா நஜ்லிஸு – நாங்கள் உட்காருவோம்
குன்த தஜ்லிஸு – நீ உட்காருவாய் (ஆண்)
குன்தி தஜ்லிஸீன – நீ உட்காருவாய் (பெண்)
குன்தும் தஜ்லிஸூன – நீங்கள் உட்காருவீர்கள் (ஆண்கள்)
குன்துன்ன தஜ்லிஸ்ன – நீங்கள் உட்காருவீர்கள் (பெண்கள்)
கான யஜ்லிஸு – அவன் உட்காருவான்
கானத் தஜ்லிஸு – அவள் உட்காருவாள்
கானூ யஜ்லிஸூன – அவர்கள் உட்காருவார்கள் (ஆண்கள்)
குன்ன யஜ்லிஸ்ன – அவர்கள் உட்காருவார்கள் (பெண்கள்)

இவை பத்து. இருவரைக் குறிக்கும் இருமை வடிவங்கள் நான்கையும் சேர்த்தால் பதினான்கு. 'கானா யஜ்லிஸானி' என்றால் அவர்கள் இருவரும் உட்காருவார்கள்.

பிழை விடும் இடங்கள்

நானும் என் தோழிகளும் விட்ட பிழைகளையே இங்கே தருகிறேன். பரீட்சைக்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, இரண்டு வினைகளும் ஒரே ஆளுக்கு உரியவையாக இருக்க வேண்டும். 'குன்து யஜ்லிஸு' என்று எழுதினால் முதல் சொல் நானாகவும் இரண்டாவது சொல் அவனாகவும் இருக்கும். மாட்டு வண்டியில் ஒரு மாடு ஒரு பக்கமும் மற்ற மாடு மறுபக்கமும் இழுத்தது போல.

இரண்டாவது, 'குன்னா'வும் 'குன்ன'வும். நெடிலாக முடிந்தால் நாங்கள். குறிலாக முடிந்தால் அந்தப் பெண்கள். கொப்பியில் ஓர் அலிஃபை மறந்தால் உங்களை நீங்களே வகுப்பிலிருந்து வெளியேற்றிவிடுவீர்கள்.

மூன்றாவது, எழுவாய் எங்கே நிற்கும் என்பது. அது பெரும்பாலும் இரண்டு வினைகளுக்கும் நடுவே வரும்: 'கானத் ஜத்ததீ தஜ்லிஸு.' எழுவாய் பன்மையானால் கவனம் தேவை. எழுவாய்க்கு முன்னால் வரும் வினை ஒருமையிலேயே நிற்கும். பின்னால் வரும் வினை பன்மைக்கு மாறும். 'பெண் பிள்ளைகள் உட்காருவார்கள்' என்பது 'கானதில் பனாது யஜ்லிஸ்ன'. முதல் வினை ஒருமை, இரண்டாவது பன்மை. பார்க்கப் பிழை போலத் தெரியும். ஆனால் அதுதான் சரி.

நான்காவது, எதிர்மறை. 'மா கானத் தஜ்லிஸு' என்றும் எழுதலாம், 'லம் தகுன் தஜ்லிஸு' என்றும் எழுதலாம். இரண்டுக்கும் 'அவர் உட்காரமாட்டார்' என்பதுதான் பொருள். இங்கேயும் அது பழைய நாட்களின் 'மாட்டார்'.

தமிழில் ஏன் எதிர்காலம்?

இப்போது என் பழைய பிழைக்கு வருகிறேன். அரபியில் 'ஸ' போட்டது பிழை என்று புரிந்தது. ஆனால் தமிழில் 'உம்மும்மா உட்காருவார்' என்று நான் எழுதியது பிழையா? மௌத்தானவரைப் பற்றி எதிர்கால வினையில் எழுதலாமா?

வீட்டிலே காது கொடுத்துக் கேட்டேன். உம்மா, சாச்சி, பக்கத்து வீட்டு மாமி எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். "எங்கட வாப்பா அந்தக் காலத்தில ரிவஸ்டன் பக்கம் நடந்தே போவாங்க." "பெருநாளைக்கு உம்மா வட்டிலப்பம் செய்வாங்க." போவாங்க, செய்வாங்க. எல்லாமே எதிர்கால உருவம். பேசப்பட்டவர்களோ எப்போதோ போய்ச் சேர்ந்தவர்கள். ஒருவரும் குழம்புவதில்லை.

இலக்கணத்தில் இதற்கு இடம் இருக்கிறதா என்று நன்னூலைப் புரட்டினேன். இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய அந்த நூலின் சொல்லதிகாரத்தில், முக்காலங்களும் தமக்குள் இடம் மாறி வரலாம் என்று ஒரு சூத்திரம் உண்டு. அதற்கு விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்று நான்கு காரணங்கள் சொல்லப்படுகின்றன.

விரைவு என்பதை நாம் தினமும் செய்கிறோம். குசினியிலிருந்து உம்மா கூப்பிட்டால், கட்டிலில் படுத்தபடியே "இதோ வந்துட்டேன்" என்போமே, அதுதான். இன்னும் எழும்பவேயில்லை. ஆனால் வினை இறந்தகாலத்துக்குப் போய்விட்டது.

எனக்கு வேண்டியது நான்காவது காரணமான இயல்பு. அதற்கு உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம், தாங்கள் முன்பு விளையாடிய சோலையை ஒருவர் காட்டிப் பேசுவது. 'பண்டு' என்ற சொல்லும் அதில் இருக்கிறது. அதோடு வரும் வினை எதிர்காலத்தில் இருக்கிறது. வழக்கமாக நடந்ததைச் சொல்லும்போது இறந்தகாலம் எதிர்காலமாக வருவது வழுவன்று, அமைதி என்று ஏற்றுக்கொள்கிறார்கள். இதைத்தான் கால வழுவமைதி என்கிறோம். ஆகவே என் தமிழ் வாக்கியம் சரி. அதை அரபிக்குக் கொண்டுபோன பாதைதான் பிழை. வினையின் உருவத்தை மொழிபெயர்த்தேன், அது சொல்லும் காலத்தை மொழிபெயர்க்கவில்லை.

பரீட்சைக்கு ஒரு சிறிய வழி: தமிழில் 'வார், வாள், வேன்' என்று முடியும் வினையைக் கண்டால் அதற்கு முன்னால் 'நாளைக்கு' என்று போட்டு வாசியுங்கள். பொருந்தினால் 'ஸ'. பிறகு 'அந்தக் காலத்தில்' என்று போட்டு வாசியுங்கள். பொருந்தினால் 'கான'.

ஸ்பானிய மொழியில்

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த மாதங்களில், ராத்தாவின் போனில் ஸ்பானிய மொழி கொஞ்சம் படித்தேன். பொழுதுபோக்காகத் தொடங்கியதுதான். அந்த மொழியில் இந்தக் காலத்துக்கென்றே தனி வாய்பாடு இருக்கிறது. கானவைப் போல இன்னொரு வினையின் துணை தேவையில்லை.

'அப்லார்' என்றால் பேசுதல். (இதில் வரும் பகரத்தை 'அன்பு' என்பதில் உள்ள பகரம் போல மென்மையாக உச்சரிக்க வேண்டும்.) இறுதியில் உள்ள 'ஆர்' என்பதை நீக்கிவிட்டு விகுதிகளைச் சேர்க்க வேண்டும்.

அப்லாபா – நான் பேசுவேன்
அப்லாபாஸ் – நீ பேசுவாய்
அப்லாபா – அவன், அவள் பேசுவார்
அப்லாபமோஸ் – நாங்கள் பேசுவோம்
அப்லாபைஸ் – நீங்கள் பேசுவீர்கள்
அப்லாபான் – அவர்கள் பேசுவார்கள்

'ஏர்', 'இர்' என்று முடியும் வினைகளுக்கு 'இயா' என்ற விகுதி வரும். 'கொமேர்' (உண்ணுதல்) என்பது 'கொமியா' ஆகும். அரபி படிக்கும் நமக்கு இது மிகவும் இலகு. ஆண், பெண் வேறுபாடு இல்லை, இருமை இல்லை. ஒழுங்கு தவறும் வினைகள் இந்தக் காலத்தில் மொத்தம் மூன்றே மூன்று: இருத்தல், போதல், பார்த்தல். ஆனால் 'நான்' என்பதற்கும் 'அவள்' என்பதற்கும் ஒரே சொல் என்பதால் யார் என்று சொல்லிவிட வேண்டும். 'மி அபுவேலா அப்லாபா' என்றால் 'என் பாட்டி பேசுவார்'.

ஸ்பெயினில் முஸ்லிம்கள் 711ஆம் ஆண்டிலிருந்து 1492 வரை ஆட்சி செய்தார்கள். அந்த மொழியில் எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் அரிசிக்கும் உள்ள சொற்கள் அரபியிலிருந்து போனவை. ஆனால் இந்த வினை வாய்பாடு அரபியிலிருந்து போனதல்ல, லத்தீனிலிருந்து வந்தது. கிரனடா வீழ்ந்த அதே 1492இல்தான் நெப்ரிஹா என்ற அறிஞர் ஸ்பானிய மொழிக்கு முதல் இலக்கண நூலை அச்சிட்டார். அதில் இந்தக் காலத்துக்கு அவர் வைத்த பெயரின் பொருள் 'முடிவுறாத கடந்தகாலம்'. இந்தக் கட்டுரையின் தலைப்பை அவரிடமிருந்துதான் எடுத்தேன்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் 'அல்ஃபிய்யா' என்ற அரபு இலக்கணத்தை எழுதிய இப்னு மாலிக், ஸ்பெயினின் ஜய்யான் என்ற ஊரில் பிறந்தவர். 1274இல் டமஸ்கஸில் வபாத்தானார். அரபு இலக்கணத்தைச் சுமார் ஆயிரம் பாடல் வரிகளில் அடக்கினார். பவணந்தி முனிவரும் அதே நூற்றாண்டில் தமிழ் இலக்கணத்தைச் சூத்திரங்களில் அடக்கினார். ஒருவரை ஒருவர் அறியாத இருவர் செய்யுளில் இலக்கணம் எழுதியதற்குக் காரணம் ஒன்றாகத்தான் இருக்கும்: பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டும்.

ஹதீஸ்களில் இந்தக் காலம்

கான + முழாரிஃ நமக்குப் புதிதல்ல. குர்ஆன் ஓதும்போது 'கானூ'வுக்குப் பின் முழாரிஃ வந்து முடியும் வசனங்களைப் பல இடங்களில் காண்கிறோம். ஹதீஸ்களிலோ இது இல்லாத பக்கம் குறைவு. நபி (ஸல்) அவர்களை நேரில் கண்டவர்கள் மற்றவர்களுக்குச் சொன்னது அவர்களின் வழக்கத்தைத்தானே.

ஸஹீஹுல் புகாரியில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்களிடம் ஒருவர் கேட்கிறார். குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் தொழுகைக்குப் புறப்படுவார்கள் என்பது பதிலின் கருத்து. கேள்வியும் கானவோடு வருகிறது, பதிலும் கானவோடு தொடங்குகிறது. தமிழில் மொழிபெயர்க்கும்போது நாம் 'இருப்பார்கள், புறப்படுவார்கள்' என்று எதிர்கால உருவத்தில்தான் எழுதுகிறோம். 'புறப்பட்டார்கள்' என்று எழுதினால் அது ஒரு நாள் நடந்த சம்பவமாகிவிடும். அன்றாட வழக்கம் என்ற கருத்து போய்விடும்.

பத்தாவது வாக்கியம்

மூன்று மொழிகளும் மூன்று வழியில் செல்கின்றன. அரபி முடியாத வினைக்கு முன்னால் 'கான'வை நிறுத்துகிறது. ஸ்பானிய மொழி தனி விகுதி வைத்திருக்கிறது. தமிழ் எதிர்காலத்தைக் கடனாக வாங்குகிறது. ஆனால் ஒருவர் வழக்கமாகச் செய்ததைச் சொல்லும்போது, முடிந்துபோன வினையைத் தர மூன்றுமே தயங்குகின்றன.

அன்று பின்னேரம் என் கட்டுரையைத் திருத்தி எழுதினேன். 'கானத் ஜத்ததீ தஜ்லிஸு ஃபில் ஃபினாஇ': உம்மும்மா முற்றத்தில் உட்காருவார். படங்கில் மிளகைப் பரப்புவார். ரிவஸ்டன் பக்கம் முகில் இறங்கினால் எங்களைக் கூப்பிடுவார். கராம்பு காம்பைக் கிள்ளியபடி எனக்கு ஸூரா சொல்லித்தருவார். நான் பிழையாக ஓதினால் சிரிப்பார். இப்படி ஒன்பது வாக்கியங்களையும் கானத்தோடு எழுதினேன்.

பத்தாவது வாக்கியத்தில் டீச்சர் முதலிலேயே கோடு போட்டிருக்கவில்லை. 'துவுஃப்பியத் ஜத்ததீ': என் உம்மும்மா வபாத்தானார். அது ஒரு தடவை நடந்தது, முடிந்தது. மாழிதான் சரி. அதை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இரவு உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உம்மாவுக்கு ஓதத் தெரியும், அரபிக்குப் பொருள் தெரியாது. ஆகவே ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் சொன்னேன். ஐந்தாவதில் உம்மா குறுக்கிட்டு, "கூப்பிடுறது மட்டுமில்ல, நாங்க வர முதல் அவங்களே படங்கைச் சுருட்டிருவாங்க" என்றார். பிறகு, "உனக்குத் தெரியாது, நீ சின்னவ. மழை விட்டதும் திரும்ப விரிப்பாங்க" என்றார். அதற்குப் பிறகு உம்மா சொன்னவை என் கட்டுரையில் இல்லாதவை. சுருட்டுவாங்க, விரிப்பாங்க, ஊதுவாங்க, எண்ணுவாங்க. நான் பென்சிலை எடுத்து ஓரத்தில் எழுதிக்கொண்டேன். பத்து வாக்கியம் பதினாறாயிற்று. பத்தாவதாக இருந்தது பதினாறாவதாகப் போனது.

பயிற்சி

பின்வருவனவற்றை அரபியில் எழுதுக.

1. அக்காலத்தில் நாங்கள் மத்ரஸாவில் எழுதுவோம்.
2. என் வாப்பா சந்தைக்குப் போவார். (பழைய வழக்கம்)
3. மாணவிகள் முற்றத்தில் விளையாடுவார்கள். (பழைய வழக்கம்)
4. என் உம்மா நேற்று ஒரு கடிதம் எழுதினார்.
5. உங்கள் வீட்டிலிருந்து பிரிந்துபோன பெரியவர் ஒருவர் வழக்கமாகச் செய்த ஒரு வேலை.

விடைகள்: 1. குன்னா நக்துபு ஃபில் மத்ரஸா. 2. கான வாலிதீ யத்ஹபு இலஸ்ஸூக். 3. கானதித் தாலிபாது யல்அப்ன ஃபில் ஃபினா. 4. கதபத் உம்மீ ரிஸாலதன் அம்ஸி. (இது ஒரு தடவை நடந்து முடிந்தது. கான போட்டால் பிழை.)

ஐந்தாவதற்கு என்னிடம் விடை இல்லை. வீட்டில் கேட்டுப் பாருங்கள். கேட்கும்போது ஒரு பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

– உயர்தர மாணவி, கலைப்பிரிவு, இரத்தோட்டை